மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கு மருத்துவக் குழுவில் என்ன வேலை?

2025 ஜூன் 4. மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கேட்டது

டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்க்கும் குழுவில் பார்மசிஸ்டுக்கும் இடம் வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். எனக்கு விளங்கவில்லை. சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்தானே? டாக்டர் எழுதியதற்கு மேல் அவர் என்ன சொல்லிவிடப் போகிறார்? கடையில் பில் போடவே ஆள் கிடைக்காத காலத்தில் இதெல்லாம் தேவையா?

ஜூன் 4, இரவு

பில் போட ஆள் கிடைப்பதில்லை என்பது உண்மை. மற்றதுக்கு வருகிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலை பக்கம் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். அதற்கு முன்னால் சில வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கடைக்கு ஒரு மாமி வந்தார். "எனக்க காலு வீங்கிப்போச்சு மக்களே, நல்ல மாத்திரையா ஒண்ணு தா." இப்போது என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் எல்லாரையும் போல "பிரஷருக்கு, சுகருக்கு" என்றார். பையைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் துணிக்கடைப் பை ஒன்று நிறையக் கொண்டு வந்தார்.

உள்ளே இருந்தது இது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷருக்குக் கொடுத்த அம்லோடிபின் 5 மில்லிகிராம். நாகர்கோவிலில் ஒரு இதய மருத்துவர் அதே பிரஷருக்கு எழுதிய டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த கூட்டு மாத்திரை. அதன் அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும், உள்ளே என்ன மருந்து என்பது எறும்பு எழுத்தில் இருக்கும். ஆக, அம்லோடிபின் இரட்டை. அது கூடினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீக்கத்துக்கு மூன்றாவது ஒருவர் நீர் பிரிய ஃப்ரூசிமைடு எழுதியிருந்தார். இந்த வீக்கம் உடம்பில் நீர் சேர்ந்ததால் வருவதல்ல, நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிவதால் வருவது. அதனால் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. ஆனால் நீர் மாத்திரை தன் வேலையைக் காட்டியது: எழுந்து நின்றால் தலைசுற்றல். தலைசுற்றலுக்கு நான்காவதாக பீட்டாஹிஸ்டின்.

நான் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. அது என் வேலையும் இல்லை. ஒரு தாளில் எல்லா மாத்திரையின் உள்மருந்தையும், யார் எழுதியது, எப்போதிலிருந்து என்பதையும் எழுதி, இதய மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். அவர் தாளைப் பார்த்ததும் தனி அம்லோடிபினை நிறுத்தினார். நீர் மாத்திரையையும் தலைசுற்றல் மாத்திரையையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டார். வீக்கம் வடிந்தது.

"டாக்டர் எழுதியதற்கு மேல்" என்று கேட்டீர்களே. எந்த டாக்டர் எழுதியதற்கு மேல்? எல்லாச் சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற ஆள் இந்த வரிசையில் யாருமே இல்லை. மாவட்டத்தில் இருக்கிற கடைகளிலிருந்தே இதைத் தொடங்கலாம் என்பது என் கட்சி.

ஜூன் 5

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, டாக்டர்களைக் குறை சொல்கிறேன் என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். இல்லை ஐயா. ஒவ்வொரு சீட்டையும் தனியாக எடுத்தால் சரிதான்.

ஜூன் 7

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 1948-இன் பார்மசி சட்டம் 42-ஆம் பிரிவின்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கப் பதிவு பெற்ற பார்மசிஸ்டுக்கு மட்டும்தான் உரிமை. 2015-இல் வந்த பார்மசி நடைமுறை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. மருந்து எதற்கு, எப்படி, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு வரலாம், ஒரு வேளை மறந்துபோனால் என்ன செய்ய வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்பதையெல்லாம் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். சீட்டைச் சரிபார்ப்பதும் அதில் வருகிறது. அதாவது நீங்கள் கூட்டத்தில் கேட்டது புதுக் கோரிக்கை இல்லை. சட்டத்தில் பாதி ஏற்கனவே இருக்கிறது.

கடையில் நடப்பது வேறு. சாயங்காலம் 6 மணிக்கு மேல் ஒரு கடை முன்னால் நின்று பாருங்கள். கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் நான்கு பையன்கள், இந்தப் பக்கம் இருபது பேர் போன் திரையை நீட்டிக்கொண்டு. "அண்ணே இதுல ஒரு அட்டை." இதில் யார் பார்மசிஸ்ட்? சில இடங்களில் சுவரில் தொங்கும் சான்றிதழ்தான் பார்மசிஸ்ட். ஆள் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார், சான்றிதழ் மட்டும் மாத வாடகைக்கு வேலை செய்யும். இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு எங்களுக்குக் குழுவில் நாற்காலி போடுங்கள் என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நாற்காலி இல்லாததும் சான்றிதழ் வாடகைக்குப் போக ஒரு காரணம். வேலைக்கே மதிப்பில்லை என்றால் தாளை விற்றால் என்ன என்றுதான் தோன்றும்.

ஜூன் 8

வார்டு விஷயம். இந்தியாவில் பார்ம்.டி. (பார்மசியில் டாக்டர் பட்டம்) படிப்பு 2008-இல் தொடங்கியது. ஆறு வருஷம், கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரிப் பயிற்சி. படிக்கும்போது டாக்டர்களோடு வார்டு சுற்றுகிறார்கள், கேஸ் எழுதுகிறார்கள். முடித்த பிறகு? எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் மெடிக்கல் கோடிங்குக்கோ (ஆஸ்பத்திரிக் குறிப்புகளை பில்லுக்கான குறியீடாக மாற்றும் வேலை), மருந்து ஆராய்ச்சிக் கம்பெனிக்கோ, கடல் தாண்டியோ போய்விட்டார்கள். வார்டில் நின்று பழகியவருக்கு வார்டில் வேலை இல்லை. நான் பி.பார்ம்., அந்தக் காலத்தில் எனக்கு வார்டுக் கதவே தெரியாது.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது டிஸ்சார்ஜ் மேஜையில் மருந்து கொடுப்பது என் வேலை. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாங்கிப் போனார் ஒரு பாட்டா (தாத்தா). அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மருந்து. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையே கெட்டுப்போகும், உயிர் போன சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு. சீட்டில் சரியாகத்தான் இருந்தது. பேத்தி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமா என்பார்கள். அதனால், "பாட்டாவுக்கு இதை எந்தக் கிழமை கொடுப்பாய்?" என்று கேட்டேன். "காலையும் ராத்திரியும் சார்" என்றாள்.

கிழமையைச் சொல்லவைத்து, அட்டையின் மேலேயே பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். பாஸ்டர் வீட்டுக் குடும்பம், ஞாயிறு மறக்காது. கூடக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் வேறு கிழமைக்கு.

இதுக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் யாருடைய வேலை என்று ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். டாக்டர் எழுதிவிட்டார், நர்ஸ் டிஸ்சார்ஜ் பைல் முடித்துவிட்டார், பில் கட்டியாயிற்று, வெளியே ஆட்டோ நிற்கிறது.

ஜூன் 11

இரண்டு நாளாக மழை, கடையில் கூட்டமில்லை. அதனால் ரப்பர் பற்றி.

குலசேகரம், திற்பரப்புப் பக்கத்து வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போய்விடுவார்கள். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெட்டி, சிரட்டையில் ஊறிய பாலை எடுத்து முடிக்கும் வரை வயிற்றில் ஒரு கட்டன் சாயா (பால் விடாத டீ) தான். இவர்களில் ஒருவருக்குச் சர்க்கரைக்கு கிளிமெப்பிரைடு எழுதி, "காலையில் ஒன்று" என்று சீட்டில் போட்டால், அவர் எழுந்ததும் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவார். அந்த மருந்து இன்சுலினைச் சுரக்கவைக்கும், சாப்பாடு வராவிட்டால் சர்க்கரை சரிந்துவிடும். இன்னொரு சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் தனியாக இப்படிச் செய்வது அபூர்வம். கிளிமெப்பிரைடு செய்யும். வியர்த்து, கை நடுங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் "பித்தம்" என்று சொல்லிக் கசாயம் குடித்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய "காலை" எத்தனை மணி என்று யாரும் கேட்கவில்லை. முதல் சாப்பாட்டோடு போடுங்கள் என்று மாற்றிச் சொல்ல டாக்டரின் சம்மதம் வாங்க ஒரு போன் போதுமாக இருந்தது.

இப்போது அடைமழை, வெட்டு கிடையாது. மனுஷர் வீட்டில் இருந்து எட்டு மணிக்கு ஆப்பமும் கடலையும் சாப்பிடுகிறார், நடையும் இல்லை. சர்க்கரை ஏறுகிறது. மருந்தைக் கூட்டுகிறார்கள். மழை விட்டு மறுபடி வெட்டுக்குப் போகும்போது கூட்டிய மருந்தோடு போவார். இதைக் கவனித்துச் சொல்ல ஊர்க்காரன் ஒருவன் குழுவில் வேண்டாமா?

தைராய்டு மாத்திரையைச் சாயாவோடு விழுங்கும் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன். அது வீட்டுக்கு வீடு இருக்கிறது, எங்கள் வீட்டிலும்.

ஜூன் 12

"வெளிநாட்டில் எங்காவது நிரூபித்திருக்கிறார்களா" என்று ஒருவர். நிறைய. எனக்குப் பிடித்தது முடிதிருத்தும் கடைக் கதை. லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின ஆண்கள் வழக்கமாகப் போகும் சலூன்களுக்கே பார்மசிஸ்டுகளை அனுப்பி ரத்த அழுத்தம் பார்த்து மருந்து கொடுக்க வைத்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. 319 பேர். பார்மசிஸ்ட் வந்த கடைகளில் ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. சலூன்காரர் வெறுமனே ஆலோசனை சொல்லி டாக்டரிடம் அனுப்பிய கடைகளில் 9 புள்ளிதான். கவனிக்க வேண்டியது: அந்தப் பார்மசிஸ்டுகள் டாக்டர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் மருந்தை மாற்றினார்கள்.

இதைப் படித்துவிட்டு நான் முடிவெட்டப் போகும் அண்ணாச்சியிடம் சொன்னேன். "இங்க பிரஷர் பாக்க வேண்டாம் தம்பி, அரசியல் பேசாம இருந்தாலே இறங்கிரும்" என்றார்.

ஜூன் 12, கொஞ்சம் கழித்து

அமெரிக்காவைச் சொன்னால் உடனே "அப்போ நீங்களும் சீட்டு எழுதணும் என்கிறீர்களா" என்று வரும். வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31-இலிருந்து ஏழு சின்ன நோய்களுக்குப் பார்மசியிலேயே பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். தொண்டை வலி, காது வலி, பெண்களின் நீர்த்தாரைத் தொற்று மாதிரி. அதற்கு அரசு கட்டணம் கொடுக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2007-இலிருந்தே சீட்டு எழுதும் உரிமை உண்டு. எனக்கு அது வேண்டாம். இங்கே இப்போது வேண்டாம். சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் போகிற ஊரில் அந்த உரிமையைக் கொடுத்தால் நடக்கிற தப்புக்கு முத்திரை குத்தியது போல ஆகும். எனக்கு வேண்டியது சந்தேகம் வந்தால் கேட்க ஒரு வழி, கேட்டதற்கு எழுத்தில் பதில்.

ஜூன் 15

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல். பெரிய நோய் என்றால் பாதிப்பேர் திருவனந்தபுரம் பஸ் பிடிப்பார்கள். இதய வால்வு மாற்றியவர்கள் அங்கே இருக்கும் ஸ்ரீ சித்திரை மருத்துவ நிறுவனத்தில் செய்துகொண்டு வருவார்கள். அங்கேயே உருவாக்கி 1990-இல் முதன்முதலில் மனிதருக்குப் பொருத்திய வால்வுதான் பலருக்கு. இந்த மாதிரி இயந்திர வால்வு வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க வார்ஃபாரினோ அசெனோகூமராலோ சாப்பிட வேண்டும். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். வால்வு எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து பொதுவாக 2-க்கும் 3.5-க்கும் இடையில். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும். கூடினால் உள்ளுக்குள் ரத்தம் கசியும்.

சரி. அந்த ஆள் ஊருக்கு வந்தபின் பல்வலி வருகிறது. பல் டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதுகிறார். அது வார்ஃபாரினை உடம்பில் தங்கவைக்கும், ஐ.என்.ஆர். ஏறும். வலிக்கு டைக்ளோஃபினாக் எழுதுகிறார், அது இரைப்பையில் ரத்தம் கசிய வழி செய்யும். அப்புறம் முட்டுவலிக்கு ஆசானிடம் (ஊர் நாட்டு வைத்தியர்) போய் எண்ணெய் தடவி, கட்டுப் போட்டு, கசாயமும் வாங்கி வருவார். ஆசானைக் குறை சொல்ல மாட்டேன், என் தோள்பட்டை அவர் கையால்தான் சரியானது. ஆனால் கசாயத்தில் என்ன இருக்கிறது என்று அவரும் சொல்ல மாட்டார், வால்வு இருக்கிறது என்று இவரும் சொல்ல மாட்டார்.

மருத்துவமனை ஒரு மாநிலத்தில், பல் டாக்டர் இன்னொரு மாநிலத்தில், ஆசான் அடுத்த தெருவில். மூவருக்கும் பொதுவாக இருப்பது மாதாமாதம் வார்ஃபாரின் வாங்கும் கடை ஒன்றுதான். எங்கள் கடையில் வார்ஃபாரின் வாங்குபவர்களுக்குச் சின்ன நோட்டு ஒன்று போட்டுக் கொடுத்தேன். தேதி, ஐ.என்.ஆர்., டோஸ், புதிதாகச் சேர்ந்த மருந்து, இவ்வளவுதான் கட்டங்கள். பல் டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதலில் நோட்டைக் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சிலர் காட்டுகிறார்கள். சிலர் நோட்டை பைபிளுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 16

"டாக்டர்கள் ஒத்துக்கொள்வார்களா?" இதுதான் அடிக்கடி வரும் கேள்வி. "சார், நீங்கள் எழுதியது..." என்று தொடங்கினால் போன் வைக்கப்படும், நான் டாக்டராக இருந்தாலும் வைப்பேன். அதனால் நான் சொல்வது இவ்வளவுதான்: யார் நோயாளி, என்ன சாப்பிடுகிறார், நான் என்ன பார்த்தேன், உங்களிடம் என்ன கேட்கிறேன். நான்கு வரி, அரை நிமிஷம், அதுவும் ஓ.பி. முடிந்த பிறகு. ஒரு டாக்டர் முதலில் "நீ யாருடா" என்கிற தோரணையில் பேசினார். பிறகு அவரே ஒரு நாள் கூப்பிட்டு, சிறுநீரகம் மந்தமான ஒருவருக்கு எந்த டோஸ் வரை போகலாம் என்று கேட்டார். கேட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

ஜூன் 21

முதல் நாள் கடைகளிலிருந்து தொடங்கலாம் என்று எழுதினேன். யோசிக்க யோசிக்க அதில் எனக்கு உறுதி குறைகிறது. காரணம் பணம்.

கடைப் பார்மசிஸ்டின் சம்பளம் விற்பனையிலிருந்து வருகிறது. அந்த மாமியின் பையிலிருந்து மாத்திரைகள் குறைந்ததில் எங்கள் கடைக்கு மாதாமாதம் நஷ்டம். முதலாளி நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எல்லா முதலாளியும் நல்லவராக இருக்க வேண்டும் என்று ஒரு திட்டம் போட முடியாது. இங்கிலாந்தில் ஆலோசனைக்குக் காசு தருகிறார்கள் என்றேன், இங்கே அதற்கு ஒரு பைசா கணக்கில்லை. 2025 பிப்ரவரி 24-இல் தமிழ்நாடு முழுக்க 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். மலிவு விலை நல்ல விஷயம். ஆனால் அங்கேயும் பார்மசிஸ்ட் விற்றால்தான் வருமானம்.

விற்பனையோடு சம்பந்தமில்லாமல் சம்பளம் வாங்கும் பார்மசிஸ்ட் அரசு ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் ஏற்கனவே ஒரு குழு. வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர், நோய்த்தணிப்பு நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் அதில் உண்டு. தன்னார்வலர் அக்கா வீட்டுக்குள்ளேயே போகிறார், அலமாரியைப் பார்க்கிறார், என்னை விட அவருக்குத்தான் அந்தப் பை தெரியும். ஆரம்ப சுகாதார நிலையப் பார்மசிஸ்ட் மட்டும் ஜன்னலுக்குப் பின்னால். மாதத்தில் ஒரு மதியம் அந்த அக்காக்களும் பார்மசிஸ்டும் உட்கார்ந்து, ஐந்து மாத்திரைக்கு மேல் சாப்பிடுகிறவர்களின் பட்டியலை மட்டும் பார்த்து மருத்துவ அலுவலரிடம் கொடுத்தால் என்ன? மாமியின் இரட்டை அம்லோடிபின் அங்கேயே சிக்கியிருக்கும்.

ஜூன் 22

ஒரு சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் தம்பி மேலே உள்ளதைப் படித்துவிட்டு போன் போட்டான். "அண்ணே, காலையில் ஜன்னலில் வரிசை, மதியம் ஸ்டாக் கணக்கு, கம்ப்யூட்டரில் ஏற்றணும், குளிர்பெட்டி பார்க்கணும். இதில் மதியம் உட்காரவா?" அவன் சொல்வது நியாயம். இன்னொரு ஆள் போடாமல் இது நடக்காது. படித்துவிட்டு கோடிங்குக்குப் போகும் பார்ம்.டி. பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

ஜூன் 29

மேற்குக் கரையில் ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை கடைசி வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தூத்தூர், குளச்சல் பக்கத்து ஆட்கள் கரையில் இருக்கிறார்கள், மருந்துக் கடைக்கு வருகிறார்கள். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. படகில் ஒரு டப்பாவில் வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்து கிடக்கும். கை கிழிந்தால் எது கைக்கு வருகிறதோ அது. பிரஷர் மாத்திரை கரையில் இருக்கும்வரைதான். இவர்களைப் பிடிக்க இந்த இரண்டு மாதம்தான் நேரம்.

கடைகளை முழுக்கக் கைவிட வேண்டாம் என்று மறுபடி தோன்றுவது இவர்களால்தான். காசநோய்க்கு அந்த வழி ஏற்கனவே இருக்கிறது. 2018-இலிருந்து காசநோய் மருந்து விற்கும் கடைகள் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டுப்பாடு கூடிய எச்-1 பட்டியல் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு, மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆக கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தகவல் போக முடியாது என்பதில்லை, ஒரு நோய்க்குப் போகிறது. வால்வுக்காரருக்கும் போகலாம்.

எங்கள் பக்கத்து டாக்டர் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். மதியம் 2-லிருந்து 3 வரை, அந்த நான்கு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், அவர் எழுத்தில் பதில் போடுவார். இரண்டு நிபந்தனை: நோயாளி பக்கத்தில் இருந்து சம்மதிக்க வேண்டும், குரல் பதிவு அனுப்பக் கூடாது. மார்த்தாண்டத்து நண்பருக்கு: உங்கள் வீட்டுப் பையோடு ஒரு நாள் கடைக்கு வாருங்கள். 6 மணிக்கு மேல் வேண்டாம்.